கட்டடத்தின் குடிகள்

கோலாலம்பூர் நகரின் நடுவில், கிள்ளான் ஆற்றங்கரைக்கு அருகே, 1888-ஆம் ஆண்டு முதல் ஒரு சந்தை இருந்துவந்தது. மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்ற அந்தச் சந்தைக்கு, இன்று நாம் காணும் ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடம் 1937-இல் எழுந்தது. அரை நூற்றாண்டுக் காலம் நகரத்தாரின் அன்றாடச் சமையலுக்கு ஆதாரமாயிருந்த அந்த இடத்தை இடித்துவிடலாம் என்னும் யோசனை 1980-களின் தொடக்கத்தில் எழுந்தபோது, அதே காலத்தில் பிறந்த பாடான் வாரிசான் மலேசியா என்னும் மரபுக்காப்பு அறநிலையத்தார் அதை எதிர்த்து வாதாடினார்கள். அந்த ஸ்தாபனத்தை உண்டாக்கியவர்களுள் ஒருவரான கட்டடக் கலைஞர் சென் வூன் ஃபீ, பிறகு அக்கட்டடத்தைச் செப்பனிட்டுப் புதிய பயனுக்கு மாற்றும் பணியிலும் முக்கியப் பங்கு கொண்டார். 1986-இல் அது பாசார் செனி என்ற பெயரோடு கைவினைப் பொருள் அங்காடியாக மறுபடியும் திறக்கப்பட்டது. சுவர் பிழைத்தது, முகப்பு பிழைத்தது, மீன்காரரும் இறைச்சிக்காரரும் வேறு சந்தைகளுக்குப் போய்விட்டார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்று அவர்கள் வாதாடியிராவிட்டால் அங்கே இன்று சுவரும் இராது, அங்காடியும் இராது. எனினும், ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம் என்னும்போது எதைக் காப்பாற்றுகிறோம் என்கிற கேள்வி அந்த முதல் வெற்றியிலேயே பிறந்துவிட்டது. கல்லும் காரையும் நின்றால் போதுமா, அதில் புழங்கிய மனிதர்களும் நிற்கவேண்டுமா? மலேசியாவில் மரபுக்காப்பைத் தொழிலாக ஏற்ற கட்டடக் கலைஞர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால், இந்த ஒரு கேள்வியோடு அவர்கள் நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வந்திருப்பது புலனாகும். நம் தமிழ்ச் சமூகம் குடியேறி வாழ்ந்த பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அந்தக் கேள்விக்கு இன்னமும் திருப்தியான விடை கிடைத்தபாடில்லை.

சென் வூன் ஃபீயின் பாதையே சிந்தனைக்குரியது. 1960-இல் லிம் சோங் கீட், வில்லியம் லிம் ஆகிய இருவரோடு கூட்டுச் சேர்ந்து மலாயன் ஆர்க்கிடெக்ட்ஸ் கோ-பார்ட்னர்ஷிப் என்னும் நிலையத்தைத் தொடங்கியவர் அவர். சுதந்திரம் பெற்ற நாட்டுக்குப் புதிய முகம் வேண்டும் என்ற உத்வேகம் நிறைந்த காலம் அது. 1967-இல் சிரம்பானில் எழுந்த நெகிரி செம்பிலான் மாநிலப் பள்ளிவாசல் அந்நிலையத்தாரின் புகழ்பெற்ற நிர்மாணங்களுள் ஒன்று. கான்கிரீட்டில் புதுமையைத் தேடிய அதே தலைமுறை, இருபது ஆண்டுகள் கழிந்து, பழைய செங்கல்லைக் காக்க முன்வந்ததில் முரண்பாடு ஏதுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. புதிதாகக் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் கட்டியதை இழப்பதன் நஷ்டம் முழுதும் புரியும். 1998-இல் வெளிவந்த மலேசியக் கலைக்களஞ்சியத்தின் கட்டடக்கலைத் தொகுதிக்குப் பதிப்பாசிரியராக இருந்து, அத்தாப்புக் கூரை வீட்டிலிருந்து வானளாவி வரை யாவற்றையும் ஒரே வரலாறாகக் கோத்துக் காட்டியவரும் அவரே.

சட்டமோ இவர்களுக்கு வெகுகாலம் துணைநிற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் நூறு ஆண்டு வயதைப் பொதுவான அளவுகோலாகக் கொண்டிருந்தது. ரயிலும் ரப்பரும் வந்த பிறகு வளர்ந்த கோலாலம்பூரில், அந்த அளவுகோலை எட்டிய கட்டடங்கள் எத்தனை இருக்கமுடியும்? 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, வயதோடு வரலாற்றுச் சிறப்பையும், அழகையும், சமூக, கலாசாரத் தொடர்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வழிசெய்தது. அச்சட்டம் 2006 மார்ச் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில், சுவா செங் போக் என்னும் தனவந்தர் 1929-இல் ஜாலான் அம்பாங்கில் கட்டிய போக் மாளிகை தரைமட்டமாக்கப்பட்டது. ஏட்டில் சட்டம் இருப்பதும் இடத்தில் கட்டடம் நிற்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று தேவையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிலம் மலேசியாவில் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகையால் ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்க வேண்டுமானால், மத்திய அரசின் மரபுடைமை ஆணையர் அந்த மாநில அரசின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ஆம் தேதியிலிருந்து கூட்டரசுப் பிரதேசம். கிள்ளான் சிலாங்கூர் மாநிலத்துக்குச் சொந்தம். ஒரே ரயில்பாதையின் இரு முனைகளாக வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸும் கிள்ளானும் இவ்வாறு இரண்டு விதமான அதிகாரங்களின் கீழ் வந்துவிட்டன. இரண்டிலும் சட்டம் முதலில் தேடுவது நிலத்தின் உரிமையாளரை. அவருக்கு நோட்டீஸ் போகும், அவர் ஆட்சேபிக்கலாம். அந்த இடத்தில் மூன்று தலைமுறையாக வாடகைக்கு இருந்தவருக்கோ, அங்கே கும்பிட்டவருக்கோ, அங்கே படித்தவருக்கோ அப்படித் தனி நோட்டீஸ் போவதில்லை.

வாடகை என்ற சொல் வந்ததால் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1948-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கும் கடைவீடுகளுக்கும் அச்சட்டம் வாடகையை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அற்ப வாடகை பெற்ற சொந்தக்காரர்கள் ஓட்டைக்கூட மாற்றவில்லை. உத்தரம் உளுத்தது, கூரையில் ஆலங்கன்று முளைத்தது. ஆனால், அந்த அற்ப வாடகையை நம்பித்தான் தையற்காரரும் பொற்கொல்லரும் பூக்கட்டுபவரும் நகரின் நடுவில் பிழைப்பு நடத்திவந்தனர். 1997-இல் இயற்றிய நீக்கச் சட்டத்தின் விளைவாக, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கட்டுப்பாடு முற்றிலும் அகன்றது. அதன் பிறகு பல கடைவீடுகளுக்குப் புது ஓடும் புது வர்ணமும் வந்தன. பழைய குடித்தனக்காரர்கள் போய்விட்டார்கள். குடிகளைக் காத்த சட்டம் கூரையைக் கெடுத்தது, கூரையைக் காக்க வழிவிட்ட சட்டம் குடிகளை அனுப்பியது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிக்க வேண்டிய நிர்ப்பந்தம் கட்டடக் கலைஞன் தலையில் விழுந்தது.

இந்த இடத்தில் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவின் தொழில்வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது தகும். அவருடைய கீர்த்திக்கு அஸ்திவாரமாக அமைந்தது பினாங்கு லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் சே மாளிகை. சீன வணிகப் பிரபு ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய அந்த நீலநிற மாளிகையில் 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள். கடைசி மகன் காலமாகும்வரை அதை விற்கலாகாது என்று உயில் எழுதிவிட்டு அவர் 1916-இல் மறைந்தார். அந்த மகன் 1989-இல் காலமானார். அப்போது வீடு பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்து சிதிலமாகியிருந்தது. லோவும் அவர் மனைவி லின் லீ லோ-லிம்மும் சில நண்பர்களும் சேர்ந்து அதை வாங்கி, 1990-களின் முற்பகுதியில் செப்பனிட்டார்கள். யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக்காப்பு விருதுகள் தொடங்கிய 2000-ஆம் ஆண்டிலேயே அம்மாளிகை மிகச் சிறந்த பணிக்கான விருதைப் பெற்றது.

விருதைக் காட்டிலும் அங்கே கையாண்ட முறைமையே நமக்குப் பாடம். கூரை மகுடங்களில் பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டும் சித்திரவேலைக்குச் சீனாவிலிருந்து அந்த வித்தையை அறிந்த கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். சுவருக்குப் பழையபடியே சுண்ணாம்பு. அந்த நீலத்துக்கு மூலம் அவுரி. சிமெண்டும் கடைச்சாயமும் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் சுண்ணாம்பை ஏன் தேட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸின் பழைய கடைவீடு ஒவ்வொன்றும் இந்த ஒரு விஷயத்தில்தான் பிழைக்கிறது அல்லது சாகிறது.

பழைய செங்கற்சுவருக்கு அடியில் இன்றுபோல ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே ஏறும். கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் அந்த ஈரம் வெளிப்புறமாக வந்து வெயிலில் உலர்ந்துபோகும். உப்பு காரையின் மேலேயே பொரிந்து உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடித்தால் தீர்ந்தது. அதே சுவருக்கு நல்லெண்ணத்தோடு சிமெண்டைப் பூசி, மேலே பிளாஸ்டிக் வர்ணத்தையும் அடித்துவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்குகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தை உடைக்கிறது. பத்து ஆண்டுகளில் வர்ணம் கொப்புளிக்கிறது. கொப்புளத்தை விரலால் அழுத்தினால் சிவந்த மாவாகச் செங்கல் கொட்டுகிறது. சுவர் பழையது, இனித் தாங்காது என்று பொறியாளர் எழுதிக் கொடுக்கிறார். உண்மையில் சுவரைக் கொன்றது வயதல்ல, பூச்சுதான். சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு குழைத்து, பதம் பார்க்கத் தெரிந்த கொத்தனார் தொழிலைவிட்டுப் போய்விட்ட ஊரில் எந்த மரபுடைமைச் சட்டமும் பலிக்காது. ஆகவே மரபுக்காப்பில் சமுதாயம் என்னும்போது, வீட்டில் குடியிருப்பவரோடு அந்த வீட்டைப் பராமரிக்கத் தெரிந்த கைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

லோவின் அடுத்த பெரும்பணி கோலாலம்பூரில் நடந்தது. ஸ்டான்லி ஜூக்ஸ் என்னும் பொதுப்பணித்துறைத் தலைவரின் வடிவமைப்பில் எழுந்து, 1957 ஆகஸ்டு 30-ஆம் தேதி திறக்கப்பட்ட மெர்டேக்கா அரங்கம், மறுநாள் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கிச் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்த இடம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பார்வையாளர் இருக்கைகளைப் பெருக்குவதற்காக அதன்மேல் கூடுதல் அடுக்குகள் ஏற்றப்பட்டன. தொண்ணூறுகளில் இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டும் திட்டமும் வந்தது; 1997-இன் நிதி நெருக்கடி அதைத் தடுத்தது. 2003-இல் அரங்கம் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. சுதந்திரத்தின் பொன்விழாவுக்கு முன்பாக, பின்னாளில் ஏற்றிய அடுக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, 1957-இல் இருந்த உருவத்துக்கே அதைக் கொண்டுவருவது என்று தீர்மானமாயிற்று. 2008-இல் அதற்கும் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழமையைக் காப்பவன் பின்னால் வந்த சேர்க்கைகளையும் வரலாறாக மதிக்க வேண்டும் என்பது உலக மரபுக்காப்பாளர் பொதுவாக ஒப்புக்கொண்ட விதி. முகம்மது அலியும் ஜோ பக்னரும் 1975-இல் குத்துச்சண்டை போட்டதும், எண்பதாயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்தியதுபோல் கால்பந்து ரசிகர்கள் ஆர்ப்பரித்ததும் அந்த அரங்கில்தான். அந்த அடுக்குகளை நீக்கும்போது அவர்களுடைய ஞாபகத்திலும் ஒரு பகுதி நீங்குகிறது. ஆயினும் இங்கே லோ செய்தது சரியென்றே நான் கருதுகிறேன். ஏனெனில் அந்த அரங்கின் குடிகள் ஒரு தெருவினர் அல்லர், ஒரு தேசத்தார். அவர்கள் அங்கே காண விரும்புவது ஓர் இரவும் ஒரு காலையும் கூடிய அந்தப் பிறப்புவேளையை. யாருக்காகக் காக்கிறோம் என்பதைப் பொறுத்தே எந்தக் காலத்தைக் காக்கிறோம் என்பதும் நிச்சயமாகும். தேசம் முழுவதும் ஒரே குரலில் ஆமோதிக்கும் இடத்தில் இந்த நிச்சயம் எளிது. ஒரு பேட்டைக்குள் வந்துவிட்டால் அது எளிதன்று.

பிரிக்ஃபீல்ட்ஸ் அப்படிப்பட்ட பேட்டை. 1881-இன் தீயும் வெள்ளமும் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன கோலாலம்பூரை அழித்த பிறகு, இனிச் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்ட வேண்டும் என்று ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் ஆட்சியில் விதி வந்தது. சீனச் சமூகத் தலைவர் யாப் குவான் செங் இங்கே செங்கற்சூளைகளை நிறுவினார். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி ரயில் ஓடத் தொடங்கியதும், பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் சூளைகளின் இடத்தில் பெருகின. தமிழ்நாட்டுத் தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தவர்களும், சிங்களவரும், சீனரும் ஓரிரு தெருக்களுக்குள் அருகருகே வாழ்ந்தார்கள். ஸ்காட் ரோட்டுக் கந்தசுவாமி கோவிலும், 1894-இல் தோன்றிய பௌத்த மகா விகாரையும், ரோமன் கத்தோலிக்க, லுத்தரன் தேவாலயங்களும் அதற்குச் சாட்சி. இவற்றில் எதுவும் தனித்து நின்றால் பேரதிசயமன்று. எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் ஒன்றாக நிற்பதே விசேஷம்.

ரயில்வேயின் பெரும் சரக்குத்தடக் களம் இருந்த நிலத்தில் 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2010 அக்டோபர் 27-ஆம் தேதி இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்து ஜாலான் துன் சம்பந்தனைச் சூழ்ந்த பகுதியை லிட்டில் இந்தியா எனத் திறந்துவைத்தார். 2015 நவம்பரில் நரேந்திர மோடி வந்தபோது தோரணவாயில் ஒன்றும் கிடைத்தது. வளைவுகளும் நீரூற்றும் வந்தவர்க்கு மகிழ்ச்சி தரட்டும். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் ஓர் இந்தியத் தெருவாக இருந்ததைக் காட்டிலும் ஒரு ரயில்வே ஊராக இருந்தது என்பதை அந்த அலங்காரம் சொல்லவில்லை. நூறு வீடுகள் என்று ஊரார் அழைத்த அரசு ஊழியர் குடியிருப்பின் வரிசைகளிலே பல மொழிக்காரர் ஒரே கொல்லைப்புறத்தைப் பகிர்ந்துகொண்ட வாழ்க்கைதான் இந்த இடத்தின் சாரம்.

இன்னும் ஒரு கூட்டத்தாரைக் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தோன்றிப் பிரிக்ஃபீல்ட்ஸில் நிலைகொண்டது முதல், பார்வையிழந்தோர் பலர் இங்கே பயின்று, தொழில் கற்று, குடித்தனமும் நடத்திவருகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பேட்டை என்பது வர்ணமோ வளைவோ அன்று. கடைமுன் நடைபாதையான அஞ்சடியின் தூண் எங்கே முடிகிறது, எந்த இடத்தில் தரை ஒரு படி இறங்குகிறது, எந்தக் கடையில் மல்லிகை வாசம், எதில் மாவரைக்கும் ஓசை என்பவற்றால் அவர்கள் அறிந்த ஊர் இது. ஒரு கடைவீட்டு வரிசையை இடித்து விலக்கிக் கட்டினால் கண்ணுள்ளவர் ஒரு காட்சியை இழக்கிறார்; அவர்கள் வழியையே இழக்கிறார்கள். மரபுடைமை ஆவணங்களில் முகப்பின் படம் இருக்கும்; தரையின் இறக்கமும் தூணின் இடைவெளியும் எவருடைய ஞாபகத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றன என்பதை எழுதும் பத்தி இருப்பதில்லை. அதை எழுதுவிக்கவேண்டியது கட்டடக் கலைஞனின் கடமைகளுள் ஒன்று.

ஸ்காட் ரோட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்றும் உண்டு. பாங்கியில் தச்சர் இப்ராஹிம் ஆதாமின் கைத்திறனோடு செங்கால் மரத்தில் கட்டிய சாலிங்கர் இல்லத்துக்காக 1998-இல் ஆகா கான் விருது பெற்ற கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம், தீயில் எரிந்துபோன பழைய கடைவீடு ஒன்றை வெய்-லிங் கலைக்கூடமாக மீட்டெடுத்தார். தீத்தழும்பை மறைத்துப் பூசாமல், செங்கல் வெளியே தெரியும்படியே விட்டுவிட்ட அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

விவேகானந்தா ஆசிரமத்தின் விவகாரம் இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. இலங்கைத் தமிழர்கள், அவர்களிலும் பெரும்பாலும் ரயில்வே உத்தியோகஸ்தர்கள், 1904-இல் நிறுவிய அந்த ஆசிரமத்தின் நிழலில் தமிழ்ப்பள்ளியும் வளர்ந்தது. 2014-இல் அதன் நிலத்தில் 23 மாடிக் குடியிருப்பு ஒன்றை எழுப்பும் யோசனை வெளிப்பட்டபோது, பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிகளும் முன்னாள் மாணவர்களும் திரண்டு எதிர்த்தார்கள், கையொப்பங்கள் திரட்டப்பட்டன, அரசாங்கம் தலையிட்டு மரபுடைமைச் சட்டத்தின் துணையோடு ஆசிரமத்தைக் காக்கப்போவதாக அறிவித்தது. எதிர்த்தவர்களின் பக்கமே என் அனுதாபம். என்றாலும் மறுபக்கத்தின் நியாயத்தையும் எடைபோட வேண்டும். தருமச்சொத்தைப் பரிபாலிப்பவர்களுக்குப் பள்ளிச்செலவும் பராமரிப்புச்செலவும் ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கும். அழகிய முகப்பு எவருக்கும் சம்பளம் தராது. பரிபாலகர்களும் அந்தச் சமூகத்தாரே, எதிர்த்தவர்களும் அந்தச் சமூகத்தாரே. சமுதாயத்தின் விருப்பப்படி மரபைக் காப்போம் என்று சொல்வது சுலபம். சமுதாயம் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது, இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, இடிக்காமலே வருவாய் தேடும் வழிகளை வரைந்து, தொகையிட்டுக் காட்டும் ஒருவர் வேண்டும். வழக்கறிஞர் அதைச் செய்யமாட்டார், அமைச்சரும் செய்யமாட்டார். அளவுகோலும் செலவுக்கணக்கும் கையில் உள்ள கட்டடக் கலைஞன் செய்யலாம்; அவனை அழைக்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை. சச்சரவு முற்றிப் பத்திரிகைக்கு வந்தபின் அழைக்கிறோம்.

நம் கோயில்களை எடுத்துக்கொண்டால் பிரச்சினை வேறு வடிவம் கொள்கிறது. தம்புசாமிப் பிள்ளை 1873-இல் தோற்றுவித்த கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் முதலில் அத்தாப்புக் கொட்டகை, 1887-இல் செங்கற்கட்டடம், அதையும் நீக்கிவிட்டு எழுந்த இன்றைய ஆலயம் 1968-இல் முடிவுற்றது. மூலப்பொருளை மாற்றாமல் காப்பதே மரபுக்காப்பு என்னும் மேலைநாட்டுச் சித்தாந்தத்தின்படி பார்த்தால் இங்கே இரண்டு கட்டடங்கள் அழிந்துவிட்டன. நம் ஆகம மரபின்படி பார்த்தால் ஒரே கோயில் இரண்டு முறை ஜீர்ணோத்தாரணம் பெற்றிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியும் கும்பாபிஷேகமும் நடத்துவது பக்தனுக்குப் பாதுகாப்பின் மறுபெயர். 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய அறிஞர்கள், எது உண்மையான பழமை என்பதை அந்தந்தக் கலாசாரத்தின் அளவுகோலாலேயே தீர்மானிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது இத்தகைய மரபுகளை உத்தேசித்துத்தான்.

ஆயினும் நாரா உடன்பாடு நமக்கு வரம்பற்ற அனுமதிச்சீட்டு அன்று. 2018 ஆகஸ்டில் பத்துமலைக் கோயிலின் 272 படிகளும் கும்பாபிஷேகத்தை முன்னிட்டுப் பலவர்ணம் பெற்றபோது, மரபுடைமைத் தலத்தில் முன் அனுமதியின்றி மாற்றம் செய்யப்பட்டதென்று அரசின் மரபுடைமைத் துறை ஆட்சேபித்தது. படங்கள் உலகமெல்லாம் பரவி, கூட்டம் பெருகியது. அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சுண்ணாம்புக்கல் மலையின் சாம்பல்நிறப் பின்னணியில் அந்த வர்ணங்கள் பொருந்துமா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் கும்பாபிஷேகம் திடீரென்று வருவதில்லையே! நாள் குறித்து, பாலாலயம் செய்து, ஸ்தபதியை அமர்த்தி, மாதக்கணக்கில் நடக்கும் காரியம் அது. அந்தத் தொடக்கத்திலேயே ஸ்தபதியும் தேவஸ்தானத்தாரும் துறையின் கட்டடக் கலைஞரும் ஒன்றாகக் கூடி, எதைப் புதுப்பிக்கலாம், எதைத் தொடக்கூடாது, பழைய சுதைவேலையில் எதைப் படியெடுத்து வைக்கவேண்டும் என்று எழுதிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருந்திருந்தால், அபராதப் பேச்சுக்கே இடமிருந்திராது. ஒவ்வொரு திருப்பணிக்கும் முன்னதாக, இருக்கும் நிலையை அளந்து வரைந்து படம்பிடித்துச் சேமிக்கும் ஒரே ஒரு விதியை நம் ஆலய நிர்வாகங்கள் தாமாக ஏற்றுக்கொண்டாலும் எவ்வளவோ மிஞ்சும். பல பழைய கோயில்களின் முந்தைய உருவத்துக்கு இன்று திருமணப் படங்களின் பின்னணியைத் தவிர வேறு ஆதாரமில்லை.

கிள்ளானில் காவலர் உண்டு, காக்கப்படும் பொருள்களும் உண்டு. ராஜா அப்துல்லா 1850-களில் கட்டிய ஈயக்கிடங்கு நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1909-இல் முடிந்த சுல்தான் சுலைமான் கட்டடம் இன்று அரச காட்சியகமாக விளங்குகிறது. ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடைகளும் பூக்கடைகளும் பலகாரக்கடைகளும் இன்றும் நம்மவர் கையில் உயிரோடு இருக்கின்றன. நான் வருந்துவது இவற்றைப் பற்றியன்று. இந்நகரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களைப் பற்றி. 1941-இல் ஆர்.எச்.நாதன் முதலியோரின் தலைமையில் இத்தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் அவமானம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச்சூட்டில் ஐவர் மாண்டனர். மலாயாத் தமிழனின் தன்மான வரலாற்றில் இவ்வளவு பெரிய அத்தியாயத்துக்குக் கட்டடச் சாட்சி என்று இருந்தவை லயன் வீடுகளும், காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்திய பெரட்டுக் களமும், கிராணியின் அலுவலகமும், அங்கிருந்து துரை பங்களாவுக்கு ஏறிய செம்மண் பாதையுமே. தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அவை ஒவ்வொன்றாகப் போயின. பல இடங்களில் கோயில் மட்டும் பிறர் நிலத்தில், பட்டாவின்றி, வழக்கோடு நிற்கிறது.

லயன் வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். அடிமைத்தனத்தின் அடையாளத்தை ஏன் போற்ற வேண்டும் என்பது அவர்கள் வாதம். போற்றச் சொல்லவில்லை, அளக்கச் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்கு எத்தனை அடி அகலம், இரு வீட்டுக்கு நடுவிலிருந்த தடுப்பு கூரைவரை எட்டியதா, சமையல் எங்கே, தண்ணீர்க்குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று, லயத்திலிருந்து பங்களா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பவை மேடைப்பேச்சைவிடத் தெளிவாக அந்த ஆட்சிமுறையை நிரூபிக்கும். மரவீடுகளையும் அரண்மனைகளையும் அளந்து வரையும் பயிற்சி மலேசியக் கட்டடக்கலைக் கல்லூரிகளில் நெடுநாளாக இருந்துவருகிறது. ஜொகூரிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காலாம் ஆய்வுமையத்தில் அத்தகைய வரைபடங்கள் பெருமளவில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பயிற்சியைத் தோட்டங்களுக்கும் நீட்டலாம். கட்டடம் போய்விட்ட இடத்தில், அங்கே பிறந்து இப்போது கிள்ளானின் அடுக்குமாடிகளில் வசிக்கும் முதியோரை உட்காரவைத்து, அவர்கள் சொல்லச்சொல்ல மாணவர்கள் வரைந்து, வரைந்ததை அவர்களிடமே காட்டித் திருத்திக்கொள்ளலாம்: கிணறு இந்தப் பக்கம், ஆயாக்கொட்டகை அந்தப் பக்கம், பெரட்டுக்கு நின்ற இடம் இது, சைக்கிளை விட்டு இறங்கிய வளைவு இது என்று. இதற்கு மாநில அரசின் சம்மதமும் வேண்டியதில்லை, நிலத்துக்காரரின் சம்மதமும் வேண்டியதில்லை. எழுபதும் எண்பதும் கடந்த அந்த முதியோருக்கு நேரம் இருக்கும்போதே, ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு தமிழாசிரியரும் பத்து மாணவர்களும் சேர்ந்து, ஒரு தோட்டத்திலிருந்து தொடங்கிவிடலாம்.